மரணமில்லாத வீட்டுக்காரர்

பெங்களூரில் வீடு கட்டிக் குடிக்கூலிக்கு விட்டு, அந்த வரும்படியைக் கொண்டு சம்சாரம் நடத்துவது என்பது, அந்நகரத்துக்குப் படைவீடு வந்து சேர்ந்த காலந்தொட்டு அங்குள்ள தமிழர்கள் நன்கு அறிந்த ஜீவனோபாயமாகும். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியிருந்த கிழக்கிந்தியக் கும்பினியின் பட்டாளம், காவேரித் தீவின் விஷக்காய்ச்சலுக்கு இடைவிடாமல் பலியாகிச் சலித்துப்போய், 1809-இல் அல்சூர் ஏரியை ஒட்டிய மேட்டு நிலத்துக்கு இடம்பெயர்ந்தபோது, அதைப் பின்தொடர்ந்து ஆற்காட்டுச் சீமையிலிருந்தும் சென்னைப் பட்டணத்திலிருந்தும் முதலியார்களும் பிள்ளைகளும் செட்டியார்களும், கொத்தர்களும் தச்சர்களும் சமையற்காரர்களும் வந்து குடியேறினார்கள். பட்டாளத்துக்குத் தானியமும் தீவனமும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொடுத்துப் பொருளீட்டிய கண்டிராக்டர்கள், ஈட்டியதை நெடுநாள் நிற்கும் உருவத்தில் வைக்க விரும்பியபோது, அவர்கள் கண்ணெதிரே இருந்த வழி பங்களா கட்டுவதே. பட்டாளத்து அதிகாரி ஓர் ஊரில் சில வருஷங்களுக்கு மேல் நிலைப்பதில்லை. நிலைக்காதவர் வீடு வாங்குவதில்லை. வாங்காதவர் குடிக்கூலி கொடுத்தே தீரவேண்டும். அதுவும் மாதச் சம்பளம் தவறாமல் வருகிற மனிதர். இவரைவிட உத்தமமான குடித்தனக்காரரை எந்த வீட்டுக்காரர் எங்கே போய்த் தேடுவார்?

கப்பன் பூங்காவுக்குக் கிழக்கே ஆங்கிலேயரின் தண்டு, மேற்கே மைசூர் மகாராஜாவின் பேட்டை என்று ஒரே ஊர் இரண்டு ஆட்சிகளுக்கும் இரண்டு சட்டங்களுக்கும் உட்பட்டிருந்த நிலைமை 1947 ஜூலையில்தான் முடிவுற்றது. தண்டில் பங்களா எப்படியோ, பேட்டையில் அப்படி வடாரம். ஒரு முற்றத்தைச் சுற்றி வரிசையாக எழுப்பிய சிறு சிறு வீடுகள், எல்லோருக்கும் பொதுவான ஒரு கிணறு, தெருவைப் பார்த்த முகப்பில் வீட்டுக்காரரின் சொந்த ஜாகை. சென்னையில் ஒண்டுக்குடித்தனம் என்று நாம் சொல்லுவதற்கு மிகவும் நெருங்கிய ஏற்பாடு அது. 1898-இல் பிளேக் நோய் பேட்டையைச் சூறையாடிய பிறகு, காற்றோட்டமான மனைகளை நாடி ஜனங்கள் மல்லேசுவரத்துக்கும் பசவனகுடிக்கும் போனார்கள். தண்டுப் பக்கத்தில் அதே காரணத்தினால் பிரேசர் டவுன் எழுந்தது. புதுப் பேட்டைகள் உண்டாகும்போதெல்லாம் குடியிருக்க ஒரு வீடும், அதன் பின்கட்டிலோ பக்கத்திலோ வாடகைக்கு விட ஒன்றிரண்டு சிறிய வீடுகளும் கட்டிக்கொள்வது நடுத்தரக் குடும்பங்களின் சம்பிரதாயமாயிற்று. அவுட் ஹவுஸ் என்று அதற்குப் பெயர். ஓய்வு பெற்ற குமாஸ்தாவின் பென்ஷனுக்கு ஊன்றுகோலாக நின்ற அந்த அவுட் ஹவுஸைப் பற்றி யாராவது தனியாக ஒரு சரித்திரம் எழுதலாம்.

ஆனால் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய வீடு நூறு வருஷம் நிற்க, கட்டியவர் அறுபதிலோ எழுபதிலோ கண்ணை மூடிவிடுகிறார் என்பது எல்லா வீட்டுக்காரர்களையும் வருத்தும் சங்கடம். மிதாட்சர சாஸ்திரப்படி நடக்கும் கூட்டுக் குடும்பத்தில், பிதா போனதும் பாகப்பிரிவினை வருகிறது. நான்கு பிள்ளைகளுக்கு நான்கு ஏக்கர் நஞ்சையைப் பிரித்துக் கொடுப்பதில் சிரமமில்லை. ஒரு பங்களாவை நான்காகப் பிரிப்பது எப்படி? முன் கூடம் மூத்தவனுக்கு, குதிரை லாயம் இளையவனுக்கு என்று பத்திரம் எழுதிய குடும்பங்களும் உண்டு. ஒருவரும் ஒப்பாமல் வழக்காடி, வக்கீல் கட்டணத்துக்கே வீட்டை விற்ற குடும்பங்களும் உண்டு. ஆகவே, தாம் தேடிய ஆஸ்தி சிதறாமல் இருக்கவேண்டுமென்று எண்ணியவர்கள், அதைச் சாவில்லாத ஒருவரிடம் ஒப்புவிக்க வழி தேடினார்கள்.

நம் நாட்டில் அப்படிச் சாவில்லாத சொத்துக்காரர்கள் கும்பினி வருவதற்கு மிக முந்தியே இருந்தார்கள். கோயிலில் எழுந்தருளியிருக்கும் மூர்த்தியின் பெயரால் நிலமும் தோப்பும் கடைகளும் இருப்பதையும், தர்மகர்த்தாக்கள் தலைமுறை தலைமுறையாக மாறினாலும் சுவாமி மாறுவதில்லை என்பதையும் நம் முன்னோர் கல்வெட்டுகளில் எழுதி வைத்தார்கள். கல்கத்தாவின் மல்லிக் குடும்பத்து வழக்கொன்றில், லண்டன் பிரிவி கவுன்ஸில் 1925-இல், பிரதிஷ்டை செய்யப்பட்ட விக்கிரகம் சட்டத்தின் கண்ணில் ஒரு நபரே என்று ஒப்புக்கொண்டது நம்மவருக்குப் புதுமையாகத் தோன்றியிராது. தண்டுத் தமிழர்கள் இந்த மார்க்கத்தில்தான் முதலில் சென்றார்கள். ஜனங்கள் அட்டாரா கச்சேரி என்று வழங்கும் செந்நிறக் கட்டடத்தை 1868-இல் கட்டி முடித்த கண்டிராக்டர் ஆற்காடு நாராயணசாமி முதலியார், 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்; அவர் பெயரால் விளங்கும் கல்வி தர்மம் அவருக்குப் பின் பல தலைமுறைகளைக் கண்டு இன்றும் அல்சூர்ப் பக்கத்தில் நடைபெறுகிறது. தம் காலத்துக்குப் பிறகும் ஒரு காரியம் நடக்கவேண்டுமென்றால் அதைத் தம் பிள்ளைகளிடம் விடாமல் ஒரு ஸ்தாபனத்திடம் விடவேண்டும் என்ற விவேகம் அக்காலத்துச் செல்வர் பலருக்கு இருந்தது. தர்மத்தின் குறை ஒன்றுதான்: அதில் போட்ட பணம் புண்ணியமாகத் திரும்பி வருமேயன்றிக் குடிக்கூலியாகக் குடும்பத்துக்குத் திரும்பி வராது.

புண்ணியத்தை விட்டுவிட்டு ஆயுளை மட்டும் எடுத்துக்கொள்ளும் உபாயம் சீமையிலிருந்து வந்தது. 1850-இலேயே இந்தியாவில் கம்பெனிகளைப் பதிவு செய்யச் சட்டம் இருந்தது. பங்குதாரர் தாம் போட்ட முதலுக்கு மேல் கடனுக்கு ஈடு சொல்லவேண்டியதில்லை என்னும் வரையறுத்த பொறுப்பு 1857-இல் வந்தது. 1882-இல் விரிவான சட்டமொன்று பிறந்தது. எனினும் வீட்டுக்காரர்களுக்கு மெய்யாகவே பயன்பட்டது 1913-ஆம் வருஷத்துச் சட்டம். இரண்டு பேர் முதல் ஐம்பது பேர் வரையில் சேர்ந்து, வெளியாரிடம் பங்கு விற்காமல், பங்குகள் கைமாறுவதையும் கட்டுப்படுத்தி வைத்துக்கொள்ளும் பிரைவேட் கம்பெனியை அச்சட்டம் அங்கீகரித்தது. கணவனும் மனைவியும் சேர்ந்தாலே கம்பெனி என்று ஆயிற்று. லண்டனில் பூட்ஸ் தைத்து விற்ற சாலமன் என்பவர் தம் கம்பெனியின் 20,007 பங்குகளில் 20,001 பங்குகளைத் தாமே வைத்துக்கொண்டு மீதி ஆறையும் மனைவி மக்களுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தும், கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று பிரபுக்கள் சபை 1896-இல் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் இன்று உலகத்திலுள்ள சொந்தக் கம்பெனிகள் யாவும் குடியிருக்கின்றன.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். பெங்களூர் ஜனங்கள் கம்பெனியை முதலில் வீட்டுக்காரராக அறியவில்லை, குடித்தனக்காரராகவே அறிந்தார்கள். 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் சமஸ்தானத்தின் கூட்டுறவோடு தொடங்கிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், சுதந்திரத்துக்குப் பின் 1948-இல் வந்த டெலிபோன் தொழிற்சாலையும், 1953-இல் கடிகாரத்துக்கு முன்னோடியாக வந்த ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸும், 1954-இல் வந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸும் ஆயிரக்கணக்கான உத்தியோகஸ்தர்களை ஊருக்குள் கொண்டுவந்து இறக்கின. அவற்றின் காலனிகளில் இடம் போதாதபோது வீடுகளைக் கம்பெனி பெயராலேயே வாடகைக்குப் பேசி, அதிகாரிகளைக் குடிவைக்கும் வழக்கம் வந்தது. கம்பெனி லீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுக்காரர் முகம் மலர்ந்ததற்குத் தக்க காரணம் இருந்தது. 1951-இல் மைசூர் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், பின் 1961-இல் அதன் ஸ்தானத்தில் வந்த சட்டமும், குடித்தனக்காரரைக் கிளப்புவதையும் வாடகையை உயர்த்துவதையும் நியாய ஸ்தலத்தின் வாசலில் கொண்டு நிறுத்தியிருந்தன. வாடகைக்கு வந்தவர் உரிமை கொண்டாடித் தங்கிவிடுவார், அவருக்குப் பின் அவர் மகன் தங்கிவிடுவான் என்ற பயம் வீட்டுக்காரரைப் பிடித்து ஆட்டியது. கம்பெனிக்கு மகன் இல்லை. அதிகாரியை வேற்றூருக்கு மாற்றினால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆயுள் முடிவில்லாத அந்த நபர், குடித்தனக்காரராக வரும்போது மட்டும் சொன்ன தேதியில் காலி செய்துவிடுகிறார்!

பெங்களூருக்கே உரிய முன்பண வழக்கங்களுக்கும் இந்தப் பயம் உரமிட்டிருக்கிறது என்பது என் கருத்து. பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வைப்பது வேறு ஊரிலிருந்து வருகிறவர்களைத் திடுக்கிடச் செய்கிற சம்பிரதாயம். அதையும் தாண்டி, கன்னடர் போக்யம் என்றும் வடாற்காட்டுத் தமிழர் போக்கியம் என்றும் பேசுகிற ஏற்பாடு ஒன்று உண்டு: குடிவருகிறவர் மொத்தமாக ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிடுவார், இரண்டு மூன்று வருஷம் வாடகையின்றிக் குடியிருப்பார், கெடு முடிந்ததும் வட்டியில்லாமல் அசலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போய்விடுவார். வங்கி கடன் கொடுக்கத் தயங்கும் சிறிய வீட்டுக்காரர்கள் இதனால் தங்கள் பெண்ணின் கல்யாணத்தையோ மேல்மாடி கட்டுவதையோ நடத்திக்கொண்டார்கள். வாங்கிய தொகையைத் திருப்பித் தர முடியாமல் அடுத்த குடித்தனக்காரரைத் தேடி ஓடிய வீட்டுக்காரர்களும் இல்லாமலில்லை. 2021-இல் மத்திய சர்க்கார் வகுத்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. மாதிரி என்ற அளவோடு அது நிற்க, பெங்களூரில் முன்பணம் பழைய வழியிலேயே பேசப்படுகிறது. வாடகைக் கட்டுப்பாட்டின் பிடியோ அதற்கு முன்பே தளர்ந்துவிட்டது: 1999-ஆம் வருஷத்துக் கர்நாடக வாடகைச் சட்டம் 2001-இன் கடைசி நாளில் அமலுக்கு வந்தபோது, பெங்களூரில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகை வரும் இடங்களை முற்றிலும் விலக்கிவிட்டது.

கம்பெனி வீட்டுக்காரராக மாறிய காலத்துக்கு வருவோம். அதைச் செய்தது வியாபார உற்சாகமன்று, வரிக்கணக்கு. 1953-இல் மரணத்தின் மேல் எஸ்டேட் வரியும், 1957-இல் செல்வத்தின் மேல் வெல்த் டாக்ஸும், 1958-இல் நன்கொடையின் மேல் கிப்ட் டாக்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வருமான வரியின் உச்சமோ 1973-74-இல் நூற்றுக்கு 97 ரூபாய் 75 காசு என்ற விபரீதமான உயரத்தைத் தொட்டது. இத்தனை வேலிகளுக்கு நடுவே சர்க்காரே ஒரு திட்டிவாசலைத் திறந்து வைத்திருந்தது: 1960-ஆம் வருஷத்து பைனான்ஸ் சட்டம் கம்பெனிகளுக்கு வெல்த் டாக்ஸை நிறுத்திவிட்டது. தொழில் வளரட்டும் என்ற நல்லெண்ணத்தோடு செய்த அந்தச் சலுகை, தொழிலே செய்யாத கம்பெனிகளைத்தான் தாராளமாக வளர்த்தது. குடும்பத்துப் பங்களாவும், நகைப்பெட்டியும், காலி மனையும் பிரைவேட் கம்பெனியின் கணக்குப் புத்தகத்துக்குள் புகுந்துகொண்டன. வீட்டை வாங்குகிறவர் தம் பெயரால் கிரயப் பத்திரம் எழுதாமல், தாமும் தம் மனைவியும் டைரக்டர்களாக உள்ள கம்பெனியின் பெயரால் எழுதினார். குடிக்கூலி கம்பெனிக்குப் போயிற்று. கம்பெனிக்கு வருமான வரி நூற்றுக்கு 65 வரை இருந்தாலும், தனி மனிதர் கட்டவேண்டியதைவிட அது லகுவாகவே தோன்றியது. பெங்களூரில் மட்டுமல்ல, பம்பாயிலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் இதுவே நடந்தது.

இதில் சொந்தக்காரருக்கு வந்த அவஸ்தை ஒன்றை அவர்கள் முதலில் யோசிக்கவில்லை. பங்குதாரருக்குக் கம்பெனியின் சொத்தில் யாதொரு பாத்தியமும் இல்லை, அறிவிக்கப்பட்ட லாபத்தில் பங்கு கேட்கும் உரிமை மட்டுமே உண்டு என்று, பம்பாயைச் சேர்ந்த பாச்சா குஸ்தார் என்னும் அம்மையாரின் தேயிலைப் பங்கு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐம்பதுகளின் நடுவிலேயே சொல்லியாயிற்று. ஆகையால் தாத்தா கட்டிய வீட்டைத் தம் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவர், அன்று முதல் அதே வீட்டில் குடித்தனக்காரர். வாடகை கொடாமல் இருந்தால் அந்தச் சௌகரியமே அவருடைய வருமானமாகக் கருதப்படலாம். கம்பெனியிடம் கைமாற்றாக வாங்கும் பணமும் லாபப் பங்காக எண்ணப்படலாம். லாபத்தைக் கம்பெனியிலேயே பூட்டி வைக்கவும் வருமான வரிச் சட்டம் விடவில்லை. முக்கியமாக வீட்டு வாடகை, வட்டி முதலியவற்றால் பிழைக்கும் கம்பெனியை 1961-ஆம் வருஷத்துச் சட்டம் முதலீட்டுக் கம்பெனி என்று பெயரிட்டு, லாபத்தில் நூற்றுக்கு 90 பங்கைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்காவிட்டால் மேல்வரி போட்டது. பிரித்துக் கொடுத்தாலோ, பெற்றவர் தம் கணக்கில் இன்னொரு முறை வரி கட்ட வேண்டும். ஒரே வாடகை இரண்டு வாசல்களிலும் சுங்கம் கொடுத்தே வீட்டுக்குள் வந்தது.

1976-இல் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் வந்து, பெங்களூரில் ஒரு நபர் 1,000 சதுர மீட்டருக்கு மேல் காலி நிலம் வைத்திருக்கக் கூடாது என்றது. பங்களாக்களைச் சுற்றியிருந்த தோட்டங்களுக்கு அதுவே யமனாக வந்தது. நபர் என்ற சொல்லில் கம்பெனியும் அடக்கமாதலால் கம்பெனி என்ற உறையும் பயன்படவில்லை. அச்சட்டத்திலிருந்து கர்நாடகம் விடுபட்டது 1999 ஜூலையில். இதற்கிடையே 1983-இல் சர்க்கார் விழித்துக்கொண்டு, குடும்பக் கம்பெனிகளின் நிலம், கட்டடம், தங்கம், மோட்டார் வண்டி ஆகியவற்றின் மேல் நூற்றுக்கு 2 வீதம் வெல்த் டாக்ஸை மீண்டும் போட்டது. இருபத்து மூன்று வருஷம் திறந்திருந்த திட்டிவாசல் அடைபட்டது. உள்ளே போன வீடுகளில் பல வெளியே வர முடியாமல் அங்கேயே தங்கின. வெளியே எடுப்பதற்கு முத்திரைத் தீர்வையும் மூலதன லாப வரியும் கட்ட வேண்டியிருந்ததே காரணம்.

இவ்வளவுக்கும் அடியில், வெகு காலமாகத் தீராத ஒரு சாஸ்திர விசாரம் ஓடிக்கொண்டிருந்தது. வீடு வாங்கி வாடகைக்கு விடுவதையே தொழிலாகக் கொண்ட கம்பெனி, வியாபாரம் செய்கிறதா, அல்லது தன் ஆஸ்தியின் பலனை உட்கார்ந்து அனுபவிக்கிறதா? வியாபாரம் என்றால் சிப்பந்திச் சம்பளம், கட்டடத் தேய்மானம் முதலிய செலவுகளையெல்லாம் கழித்து மிஞ்சியதற்கு வரி. ஆஸ்தியின் பலன் என்றால் பழுதுபார்ப்புக்கென்று சட்டம் குறித்த ஓர் அம்சமும் நகராட்சி வரி, கடன் வட்டி போன்ற சிலவும் போக மீதி முழுவதற்கும் வரி. பழுதுபார்ப்புக்கான அம்சம் முன்பு ஆறில் ஒன்றாக இருந்தது. இப்போது நூற்றுக்கு 30. கமர்ஷியல் பிராபர்ட்டீஸ் என்ற கம்பெனி, நிலம் வாங்கி வீடு கட்டி வாடகைக்கு விடுவதைத் தவிரத் தனக்கு வேறு ஜோலியே இல்லை என்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வாதாடியபோது, சொந்தக்காரர் கம்பெனியாக இருப்பதனாலேயே வாடகை வியாபார லாபமாகிவிடாது என்று 1928-இல் தீர்ப்பாயிற்று. 1946-இல் கல்கத்தாவில் பத்து பீகா நிலம் வாங்கி மார்க்கெட் அமைத்துக் கடைகளை வாடகைக்கு விட்ட ஈஸ்ட் இந்தியா ஹவுஸிங் என்னும் கம்பெனிக்கும், 1961-ஆம் வருஷத்துத் திரட்டுகளில் வெளியான தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதே விடையைத்தான் சொல்லியது. பம்பாயில் ஹோட்டல் நடத்துவதற்கென்று மேஜை நாற்காலிகளோடு கட்டடத்தை வாடகைக்கு விட்ட சுல்தான் சகோதரர்கள் கம்பெனியின் வழக்கில்தான், ஒவ்வொரு வழக்கையும் ஒரு வியாபாரியின் கண்கொண்டு பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்ற வழிகாட்டுதல் கிடைத்தது. ஆனாலும் அந்தக் கம்பெனிக்கு வியாபாரி என்ற பட்டம் கிடைக்கவில்லை. வேளாண் தேசத்தின் நினைவு நீதிபதிகளின் மனத்திலும் ஆழப் பதிந்திருந்தது போலும். நிலத்தையும் வீட்டையும் வைத்துப் பிழைப்பவரை மிராசுதாராக எண்ண முடிந்ததே தவிர வர்த்தகராக எண்ண அவர்களுக்கு மனம் வரவில்லை.

மனத்தை மாற்றியது பெங்களூர் என்று சொன்னால் மிகையாகாது. 1985-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் இந்நகரத்துக்கு வந்து, மில்லர்ஸ் சாலையில் சேலத்து நெசவாலைக் குடும்பம் ஒன்று எழுப்பியிருந்த சோனா டவர்ஸில் குடிபுகுந்தது. பட்டாளத்து அதிகாரிக்கு முதலியார் பங்களா கொடுத்தது போலவே, கணிப்பொறி எஞ்சினியருக்குச் சேலத்துச் செட்டியார் மாடி கொடுத்தார். ஆனால் புதிய குடித்தனக்காரர் வெறும் சுவரையும் கூரையையும் கேட்கவில்லை. இடையறாத மின்சாரம், குளிர்காற்று, தொலைத்தொடர்பு, காவல், சிற்றுண்டிச்சாலை, துப்புரவு எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டார். 1990-களில் சிங்கப்பூர்க் கூட்டமைப்பும் டாடாக்களும் கர்நாடக சர்க்காரின் தொழிற்பேட்டை வாரியமும் சேர்ந்து ஒயிட்பீல்டில் சுமார் 70 ஏக்கரில் அமைத்த டெக் பார்க், இந்தச் சேவைகளையே ஒரு தொழிலாக நடத்தியது. எலெக்ட்ரானிக்ஸ் சிட்டியில் வேலாங்கண்ணி கம்பெனி தன் பார்க்கின் வாடகையை வியாபார வருமானமாகக் காட்டியபோது, கர்நாடக உயர் நீதிமன்றம் 2013 ஏப்ரலில் அதை ஒப்புக்கொண்டது. அடுத்த வருஷம் ஒயிட்பீல்டு பார்க்குக்கும் அதுவே கூறியது. வரித்துறையே 2017 ஏப்ரலில் சுற்றறிக்கை ஒன்றின் மூலம் அந்த வாதத்தைக் கைவிட்டது. நடுவே 2015 ஏப்ரல் 9 அன்று, சென்னை ஹவுஸ், பிர்ஹேவின் எஸ்டேட் என்ற இரண்டு கட்டடங்களை வைத்துக்கொண்டு வாடகைக்கு விடுவதையே தன் சாசனத்தில் முக்கிய நோக்கமாக எழுதியிருந்த சென்னை பிராபர்ட்டீஸ் கம்பெனியின் வழக்கில், உச்ச நீதிமன்றம் அது செய்வது வியாபாரமே என்று தீர்த்துவிட்டது. கல்கத்தாக் கம்பெனி 1928-இல் கேட்டதற்குச் சென்னைக் கம்பெனிக்கு அநுகூலமான விடை கிடைக்க எண்பத்தேழு வருஷம் ஆயிற்று. மனிதராக இருந்தால் காத்திருக்க முடியுமா?

வீட்டை விற்காமல் வீட்டுக்காரரையே விற்கும் விந்தையையும் இங்கே குறிக்க வேண்டும். பெங்களூரைச் சேர்ந்த போருகா குழுமத்துக் கம்பெனி ஒன்று, ஒயிட்பீல்டு நிலத்தைத் தன் வசம் வைத்திருந்த, அதே குழுமத்தின் இன்னொரு கம்பெனியின் பங்குகளை, பாட்னாவிலுள்ள மகத பங்குச் சந்தையின் வழியாக டி.எல்.எப். நிறுவனத்துக்கு விற்றது. நிலம் கை மாறியது. நிலத்துக்குக் கிரயப் பத்திரம் எழுதப்படவில்லை. பங்கு விற்பனைக்குச் சட்டம் கொடுத்திருந்த விலக்கைக் கேட்பது குற்றமன்று என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2013-இல் கூறியது. ஒயிட்பீல்டு மண்ணுக்கான பேரம் கங்கைக் கரையில் பதிவானதைக் கேட்டால், பத்திர ஆபீஸ் வாசலில் முத்திரைத்தாள் விற்றுப் பிழைத்தவர்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

இந்த மார்க்கத்தின் உச்சியாக, 2019 ஏப்ரல் முதல் தேதி எம்பஸி ஆபீஸ் பார்க்ஸ் என்ற ரெய்ட், அதாவது பலர் போட்ட முதலைக் கொண்டு வாடகைக் கட்டடங்களை வைத்திருக்கும் டிரஸ்ட், பங்குச் சந்தையில் ஏறியது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதல். நாகவாராவிலுள்ள மான்யதா பார்க் அதன் மணிமகுடம். யூனிட் ஒன்றுக்கு 300 ரூபாய் வீதம் மொத்தம் 4,750 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. தொடக்கத்தில் ஒருவர் குறைந்தது 800 யூனிட், அதாவது 2,40,000 ரூபாய்க்கு வாங்க வேண்டியிருந்தது. 2021-இல் அந்த நிபந்தனை தளர்ந்து, பின்னர் ஒற்றை யூனிட்டையும் சந்தையில் வாங்கலாம் என்றாயிற்று. கும்பகோணத்துப் பென்ஷன்தாரர் நாகவாராவைக் கண்ணால் காணாமலே அதன் வாடகையில் பங்கு பெறலாம். கையில் சேரும் பணத்தில் நூற்றுக்கு 90 பங்கைப் பிரித்துக் கொடுத்தே தீரவேண்டும் என்பது ரெய்டுக்கு விதி. குடும்பக் கம்பெனிகளுக்கு ஒரு காலத்தில் தண்டனைபோல் வந்த அதே எண், இன்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சாகிறது.

அலுவலகக் கட்டடங்கள் இப்படியிருக்க, குடியிருக்கும் வீட்டைக் கம்பெனி பெயரால் வாங்குவது இங்கே அருகிக்கொண்டு போகையில், இங்கிலாந்தில் அது பெருகிக்கொண்டிருக்கிறது. அங்கே வாடகைக்கு விடும் தனி மனிதர், வீட்டுக் கடனுக்குக் கட்டும் வட்டியை முழுவதும் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் வசதி 2017 முதல் 2020-க்குள் படிப்படியாக அகன்றது. கம்பெனிக்கு அந்த வசதி அப்படியே இருக்கிறது. ஆகவே, ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் இரண்டு மூன்று வீடு வைத்திருக்கிற நம்மவர் உள்பட, அடுத்த வீட்டைக் கம்பெனி பெயரால் வாங்குகிறார்கள். விலை உயர்ந்த வீடுகளைக் கம்பெனி உறைக்குள் வைப்பவர்களுக்கென்று 2013 முதல் அங்கே தனி வருஷாந்தர வரியும் உண்டு. நம் சர்க்கார் 1960-இல் திறந்து 1983-இல் அடைத்த வாசலைப் போன்றதுதான் கம்பெனிக்கு உள்ள அந்த வட்டி வசதியும் என்று தோன்றுகிறது. அங்கே எத்தனை வருஷம் திறந்திருக்குமோ!

நம் நாட்டிலோ குடித்தனக்காரராக வரும் கம்பெனிக்கும் பழைய மரியாதை குறைந்துவிட்டது. ஜி.எஸ்.டி.யில் பதிவு பெற்ற கம்பெனி குடியிருப்பு வீட்டை வாடகைக்கு எடுத்தால், நூற்றுக்கு 18 வீதம் வரியைத் தானே கட்ட வேண்டும் என்று 2022 ஜூலை 18 முதல் விதித்தார்கள். அன்றிலிருந்து பல கம்பெனிகள் வாடகைப் படியைச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்துவிட்டு, வீடு பார்ப்பதை உத்தியோகஸ்தரிடமே விட்டுவிடுகின்றன. வீட்டுக்காரராக வரும் கம்பெனியின் கதையும் திரும்பிவிட்டது. 2024-ஆம் வருஷத்து இரண்டாவது பைனான்ஸ் சட்டம், குடியிருப்பு வீட்டை அதன் சொந்தக்காரர் வாடகைக்கு விட்டு வரும் வருமானத்தை இனி வியாபாரம் என்று காட்டவே கூடாது, வீட்டுச் சொத்தின் வருமானம் என்றுதான் காட்ட வேண்டும் என்று 2025 ஏப்ரல் முதல் கட்டளையிட்டிருக்கிறது. ஆகவே கோரமங்கலத்தில் பத்து அடுக்குமாடி வீடுகளையும் அவற்றுக்குப் பக்கத்திலேயே ஓர் அலுவலகக் கட்டடத்தையும் வைத்துக்கொண்டு, வாடகைக்கு விடுவதையே தொழிலாகக் கொண்ட கம்பெனி ஒன்று இருக்குமாயின், அலுவலகத்தின் வாடகைக்குத் தேய்மானமும் செலவும் கழித்து ஒரு கணக்கும், வீடுகளின் வாடகைக்கு நூற்றுக்கு 30-ஐயும் நகராட்சி வரியையும் கடன் வட்டியையும் மட்டும் கழித்து, கல்கத்தாவின் கமர்ஷியல் பிராபர்ட்டீஸ் கட்டிய தலைப்பிலேயே இன்னொரு கணக்கும் எழுதி, இரண்டையும் ஒரே படிவத்தில் சேர்த்து வருஷந்தோறும் வரித்துறைக்கு அனுப்ப வேண்டும்.